இது போதும் உனக்கு

எங்கள் துறையில் முதுகலை படிக்கும் மாணவி ஒருத்தி போன ஆடித் தள்ளுபடியில் வண்டி வாங்கினாள். மின்சார ஸ்கூட்டர். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதனால் லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். வாங்கித் தந்தவர் அப்பா. அதே வீட்டில் அவள் தம்பிக்குப் பெட்ரோல் பைக். கொஞ்சம் வேகமாகப் போகிற வண்டியாக வாங்கலாமே என்று இவள் கேட்டிருக்கிறாள். அப்பா சொன்ன பதிலை வகுப்பில் அவரைப் போலவே நடித்துக் காட்டினாள்.

"காலேஜ், பஸ் ஸ்டாண்டு, அத்தை வீடு. வேற எங்க போகப்போற? இது போதும் உனக்கு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாரம் நான் வாசித்துக்கொண்டிருந்தது வர்ஜீனியா ஷார்ஃப் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1991இல் எழுதிய நூலை. மோட்டார் வண்டிகள் வந்த காலத்தில் பெண்கள் என்ன ஆனார்கள் என்பதே அதன் பொருள். நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கார்க் கம்பெனிகள் இந்த அப்பாவின் வாக்கியத்தையே விளம்பரமாக அச்சடித்து விற்றிருக்கின்றன என்பது அதைப் படிக்கிற யாருக்கும் புரியும். தமிழ்ப் பேராசிரியைக்குக் கார் வரலாற்றில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு சொல் யார் உடம்பின் மீது எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. இங்கே அந்தச் சொல் 'சுத்தம்.'

ஹென்றி ஃபோர்டின் மனைவி க்ளாராவிடமிருந்து தொடங்குகிறேன். உலகத்துக்கே பெட்ரோல் காரை மலிவாகச் செய்து கொடுத்தவரின் மனைவி சொந்த உபயோகத்துக்கு ஓட்டியது கணவரின் 'மாடல் டி' அல்ல. வேறொரு கம்பெனி செய்த 'டெட்ராய்ட் எலக்ட்ரிக்'. 1914ஆம் ஆண்டின் அந்த வண்டி இன்றும் மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் ஃபோர்டு பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் சுமார் 80 மைல் ஓடும். வேகம் மணிக்கு 25 மைல் வரை. நாலாபுறமும் கண்ணாடி அடைத்த உயரமான பெட்டி. ஸ்டியரிங் வட்டம் கிடையாது. படகின் சுக்கான்பிடி போல ஒரு கம்பி. உட்கார்ந்து பேச வசதியாகச் சோஃபா போன்ற இருக்கைகள். இந்த வகை வண்டிகளில் பூச்செடிக் குவளை வைக்க இடம் உண்டு, ஜன்னலுக்குத் திரை உண்டு. அந்தக் காலத்து நடுவீட்டைப் பெயர்த்தெடுத்து நான்கு சக்கரத்தின் மேல் வைத்தது போல இருக்கும். வீட்டை விட்டு வெளியே போகிறாள், ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

மின்சாரக் கார் தொடக்கத்திலேயே பெண்ணின் வண்டியாகப் பிறக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1900இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்கள் மொத்தம் 4,192. அவற்றில் நீராவிக் கார் 1,681, மின்சாரக் கார் 1,575, பெட்ரோல் கார் 936. மூன்றாவது இடத்தில் நின்றது பெட்ரோல். நியூயார்க் தெருக்களில் வாடகைக்கு ஓடிய மின்சார வண்டிகளுக்கு, தீர்ந்துபோன மின்கலத்தைக் கழற்றிவிட்டு நிரம்பியதை மாட்டித் தர நிலையமே இருந்தது. இன்று நம் ஊர்களில் 'பேட்டரி ஸ்வாப்பிங்' என்று புதுமையாகப் பேசுகிறார்களே, அதுதான். ஓட்டியவர்கள் ஆண்கள். மருத்துவர்கள் விரும்பி வாங்கினார்கள், நடு இரவில் அழைப்பு வந்தால் உடனே கிளம்பலாம் என்பதற்காக.

பெட்ரோல் வண்டி உடனே கிளம்பாது. முன்புறம் ஒரு கம்பியைச் செருகிப் பலம்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். நம்மூரில் பழைய லாரிகளுக்கு 'ஹேண்டில் அடிப்பது' என்பார்கள். என் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எஞ்சின் எதிர்பாராமல் எதிர்ப்பக்கம் உதைத்தால் கம்பி திரும்பி வந்து மணிக்கட்டை முறிக்கும். பெட்ரோல் வண்டிக்குச் சத்தமும் புகையும் நாற்றமும் எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு. மின்சார வண்டிக்கு இவை எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டின் மேல்தான் 'ஆண்', 'பெண்' என்ற இரண்டு சீட்டுகள் ஒட்டப்பட்டன. சத்தம், புகை, தூரம், ஆபத்து ஒரு பக்கம். அமைதி, சுத்தம், அண்மை, பத்திரம் மறுபக்கம். க்ளீவ்லாண்டின் பேக்கர் கம்பெனியும் டெட்ராய்ட் எலக்ட்ரிக்கும் சீமாட்டிகளின் படம் போட்டு விளம்பரம் செய்தன. டாஃப்ட் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையின் கொட்டகைக்கும் ஒரு பேக்கர் மின்கார் வந்தது. அதிபரின் மனைவிக்காக.

மின்காரின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கேயே பெண்ணின் எல்லையும் முடிவதாக ஒரு தர்க்கம் வந்துவிட்டது. கடைக்குப் போவாள், தோழி வீட்டுக்குப் போவாள், மாலையில் திரும்புவாள். அதற்கு மேல் எதற்கு மின்கலம்? இது வெறும் தொழில்நுட்ப எல்லை என்று சொல்ல முடியாது. எடிசனின் நிக்கல்–இரும்பு மின்கலம் பூட்டிய டெட்ராய்ட் எலக்ட்ரிக் ஒன்று சோதனை ஓட்டத்தில் ஒரே சார்ஜில் 200 மைலைத் தாண்டியிருக்கிறது. தூரத்தைக் கூட்ட வழி இருந்தது. யாருக்காகக் கூட்டுவது என்பதில்தான் சுணக்கம்.

அந்தக் காலத்துப் பெண்கள் இதை அப்படியே ஏற்றுக்கொண்டார்களா? 1909 ஜூன் 9ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து 22 வயது ஆலிஸ் ராம்ஸி புறப்பட்டார். ஒரு குழந்தையின் தாய். கூட வந்தவர்கள் இரண்டு நாத்தனார்கள், ஒரு தோழி. மூவருக்கும் ஓட்டத் தெரியாது. வண்டி பெட்ரோலில் ஓடும் மேக்ஸ்வெல். ஹேண்டில் அடித்தவரும் அவர்தான், டயர் கழற்றியவரும் அவர்தான். மழையில் சேற்றில் புதைந்த வண்டியைக் கிளப்பி 59 நாளில், 3,800 மைல் கடந்து சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். நாத்தனார்களை ஏற்றிக்கொண்டு 59 நாள் என்பதையும் சேர்த்துத்தான் நான் இதைச் சாதனை என்கிறேன். 1916இல் ஆலிஸ் பர்க், நெல் ரிச்சர்ட்சன் என்ற இருவர் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு மஞ்சள் நிறச் சாக்ஸன் காரில் நாட்டையே சுற்றி வந்தார்கள். சுமார் 10,000 மைல். வண்டிக்குள் ஒரு தட்டச்சுப்பொறி, ஒரு தையல் இயந்திரம், ஒரு பூனைக்குட்டி. அதுவும் பெட்ரோல் வண்டி.

ஆகவே கதை நேர்கோடாக இல்லை. சுத்தமான வண்டி பெண்ணை வீட்டின் சுற்றளவுக்குள் வைத்தது. தூரம் போக நினைத்தவள் புகை விடும் வண்டியைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சூழலுக்கு எது நல்லது என்ற நம் இன்றைய அளவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு அன்றைய மின்காரைப் 'பெண்மையின் பசுமை' என்று கொண்டாடுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

எல்லாப் பெண்களும் க்ளாராக்கள் அல்ல என்பதும் இருக்கிறது. டெட்ராய்ட் எலக்ட்ரிக்கின் விலை 3,000 டாலரைத் தாண்டும். அதே ஆண்டில் மாடல் டி 500 டாலர் அளவில் கிடைத்தது. வீட்டில் மின்சாரம் வேண்டும், கொட்டகை வேண்டும், சார்ஜ் ஏற்றும் கருவி வேண்டும். அந்த வட்டத்துக்குள் விதிவிலக்காக ஒரு கறுப்பினப் பெண் நுழைந்திருக்கிறார். மேடம் சி.ஜே. வாக்கர். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் மகளாக 1867இல் லூசியானாவில் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்து, பிறகு கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் செய்து பெரும் பணம் சம்பாதித்தவர். இண்டியானாபொலிசில் தயாரான வேவர்லி மின்கார் ஒன்று அவரிடம் இருந்தது. மாடல் டியும் இருந்தது. அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தோழிகளோடு அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் புகழ்பெற்றது. ஒருத்தியின் கொட்டகையில் இரண்டு வண்டியும் நிற்கலாம் என்பதைக் கம்பெனிகளுக்கு முன்பே அவர் தெரிந்துவைத்திருந்தார்.

பெட்ரோல் காரின் தலையெழுத்தை மாற்றியவர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலம் டேட்டனில் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்திய பொறியாளர். அதே யோசனையில் சிறிய மோட்டார் ஒன்று எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பிவிடும்படி செய்தார். 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் அது வந்தது. நாம் 'செல்ஃப்' என்று சொல்கிறோமே, அதன் பாட்டி.

இதைச் சுற்றி ஒரு கதை உலவுகிறது. டெட்ராய்ட் அருகே ஒரு பாலத்தின் மேல் ஒரு பெண்ணின் கார் நின்றுவிட, அந்த வழியே வந்த பைரன் கார்ட்டர் என்ற கார் உற்பத்தியாளர் உதவ இறங்கினாராம். ஹேண்டில் திரும்பி முகத்தில் அடித்ததாம். அதனாலேயே இறந்துபோனாராம். மனம் நொந்த அவருடைய நண்பர், கேடிலாக் தலைவர் ஹென்றி லீலண்ட், இனி ஒரு உயிர் போகக்கூடாது என்று கெட்டரிங்கை அழைத்தாராம். கார்ட்டர் 1908இல் இறந்தது உண்மை. மற்றவை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வடிவம் பெற்றவை. எனக்கு இந்தக் கதையின் அமைப்புதான் சுவாரஸ்யம். பெண் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள், ஆண் கீழே இறங்கிச் சாகிறான், அவள் இயலாமையிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு பிறக்கிறது. அவளுக்குப் பெயர் இல்லை.

செல்ஃப் ஸ்டார்ட்டர் பெண்களுக்கான வசதி என்றுதான் விற்கப்பட்டது. மணிக்கட்டு உடைவதை ஆண்களும் விரும்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அதை ஒப்புக்கொள்ள ஒரு பெண் தேவைப்பட்டாள். மூடிய கூண்டு, மெத்தை, மின்விளக்கு என்று 'பெண் வண்டி'யில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்ரோல் காருக்குள் குடியேறின. அவளுக்காக என்று சொல்லி எல்லாரும் அனுபவித்தார்கள். ஷார்ஃப் இதை விரிவாகக் காட்டுகிறார். எங்கள் வீட்டில் எனக்கு வாங்கித் தந்த ஸ்கூட்டிக்கு செல்ஃப் இருந்தது. அண்ணன் வண்டிக்குக் கிக்கர் மட்டும். மழைநாளில் அண்ணன் உதைத்து உதைத்துக் கால் வலித்து, ஒன்றும் பேசாமல் என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான்.

மின்கார் தோற்றதற்குப் பாலினம் மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். டெக்சஸ் எண்ணெயால் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது, ஊர்களை இணைக்கும் சாலைகள் வந்தன, கிராமங்களில் மின்சாரம் இல்லை, மாடல் டியின் விலை ஆண்டுக்காண்டு இறங்கியது. எடிசனும் ஃபோர்டும் சேர்ந்து 1914இல் மலிவான மின்கார் செய்ய முயன்று கைவிட்டார்கள். 1912இல் சுமார் 34,000 மின்கார்கள் ஓடிய நாட்டில் அடுத்த இருபது ஆண்டுகளில் அவை அநேகமாக மறைந்தன. ஆனால் 'பெண்ணுடையது' என்று முத்திரை விழுந்த ஒன்றைக் காப்பாற்ற யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. பாட்டி வண்டி என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்தான்.

வழக்கமான கார் வரலாறுகள் இந்த இடத்தில் முடியும். எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் கெட்டரிங் இன்னொரு காரியமும் செய்தார்.

எஞ்சினின் திறனைக் கூட்டப் போனால் உள்ளே 'டொக் டொக்' என்று தட்டும். அதை நிறுத்தும் வழியைக் கெட்டரிங்கின் கீழ் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த தாமஸ் மிஜ்லி 1921 டிசம்பரில் கண்டுபிடித்தார். பெட்ரோலில் டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்மத்தைச் சிறிதளவு கலப்பது. எரிசாராயம் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் சாராயத்தை யாரும் வடிக்கலாம். ஈயச் சேர்மத்துக்குக் காப்புரிமை வாங்கலாம். விற்பனைப் பெயரில் ஈயம் என்ற சொல்லையே வைக்கவில்லை. 'எத்தில்' என்று பெயரிட்டார்கள். ஆங்கிலக் காதுக்கு 'எத்தெல்' என்ற பெண்ணின் பெயர் போலவே கேட்கும். நஞ்சுக்கும் ஒரு பெண் பெயர் கிடைத்தது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்ட் ஆயில் சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். பலர் மருத்துவமனையில். நாடே பதறியது. 1925 மே 20ஆம் தேதி வாஷிங்டனில் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு கூட்டம் கூட்டினார். கம்பெனிக்காரர்கள், விஞ்ஞானிகள், தொழிற்சங்கத்தார் வந்திருந்தார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் வேண்டாம் என்று அங்கே எழுந்து பேசியவர்களில் ஒருவர் ஆலிஸ் ஹாமில்டன்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1869இல் பிறந்தவர். மருத்துவம் படித்து, 1897இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் இல்லத்தில் போய்த் தங்கினார். சுற்றிலும் குடியேறித் தொழிலாளர் குடும்பங்கள். பக்கத்து வீட்டு ஆண்கள் ஏன் கை தளர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முப்பது வயதில் கிழவர்களாகிறார்கள் என்று அவர் கேட்கத் தொடங்கினார். ஆலைகளில் கேட்டால், சாப்பிடும் முன் கை கழுவாதது அவர்கள் குற்றம் என்பார்கள் முதலாளிகள். ஆலைக்குள் தொழிலாளிகள் வாய் திறக்கமாட்டார்கள். ஹாமில்டன் அவர்களுடைய வீடுகளுக்குப் போனார். மருந்துக்கடைக்காரரிடமும் பாதிரியாரிடமும் விசாரித்தார். மருத்துவமனை ஏடுகளைப் புரட்டினார். கைவழியே உள்ளே போவதை விடத் தூசியாகவும் ஆவியாகவும் மூச்சில் போகும் ஈயம்தான் பெரிய கேடு என்று காட்டினார். அடுக்களையில் உட்கார்ந்து பேசிக் கிடைத்த தகவலை அறிவியலாக்கியவர் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1919இல் அவரை ஆசிரியராக எடுத்தது; அங்கே முதல் பெண் அவர்தான். ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, கால்பந்துச் சீட்டு கேட்கக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது என்ற மூன்று நிபந்தனைகளுடன். 1935இல் உதவிப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். பதவி உயர்வு வரவே இல்லை.

க்ளாரா ஃபோர்டு தன் 1914ஆம் ஆண்டு வண்டியில் டெட்ராய்ட் தெருக்களில் போய்வந்த அதே காலத்தில், ஹாமில்டன் மத்திய அரசின் தொழிலாளர் துறைக்காக மின்கலத் தொழிற்சாலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெரும்பாலான மின்கார்களை ஓட்டியது ஈய–அமில மின்கலம். ஈய ஆக்சைடுப் பொடியைக் குழைத்துப் பசையாக்கி, சல்லடை போன்ற தகடுகளில் அழுத்தித் தேய்த்து, உலர்த்தி, பிறகு ஈயத்தை உருக்கி ஒட்டவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தூசி அல்லது ஆவி. சீமாட்டியின் வெள்ளைக் கையுறையில் ஒரு கறையும் படாதபடி அவள் வண்டி ஓடியது. கறை வேறு இடத்தில், வேறொருவரின் ரத்தத்தில் இருந்தது. சுத்தமான வண்டி என்ற சொல்லை முதன்முதலாக நான் சந்தேகித்தது இங்கேதான்.

1925 கூட்டத்துக்குப் பிறகு ஒரு குழு போட்டார்கள். ஏழு மாதம் ஆராய்ந்த குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926இல் அறிக்கை கொடுத்தது. எத்தில் மறுபடி விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே என்ற நிலை 2000இல்தான் வந்தது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில். ஹாமில்டன் வேண்டாம் என்று சொல்லி 96 ஆண்டுகள் கழித்து. இடையில் பிறந்த குழந்தைகளில் நானும் ஒருத்தி. பேருந்து நிலையத்தில் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியபடி என்னை இடுப்பில் வைத்திருந்த அம்மாவும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தாள்.

ஹாமில்டனிடம் எனக்கு உடன்பாடில்லாத ஓரிடமும் உண்டு. ஈயம் கருப்பையைப் பாதிக்கும் என்பதால் பெண் தொழிலாளிகளுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று நினைத்தார். அதனால் சம உரிமைத் திருத்தத்தை நெடுங்காலம் எதிர்த்தார். 1952இல்தான் மனம் மாறினார். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை வேலையிலிருந்தே விலக்கிவிடலாம் என்ற ஆபத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பட்டு உணர்ந்தார்கள். ஆலைக் காற்றைச் சுத்தம் செய்வதைக் காட்டிலும் பெண்ணை வெளியேற்றுவது மலிவு.

மின்கார் திரும்பி வந்தபோது ஈயத்தின் இடத்தில் லித்தியம் இருந்தது. இப்போதைய மின்கலங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு முனை கிராஃபைட், அதாவது பென்சில் குச்சியின் கரி. கரியணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அந்தத் தாள்களின் இடுக்கில் போய் ஒதுங்கும், ஓடும்போது வெளியே வரும். இப்படிக் கரித்தாள்களுக்கு இடையே வேற்றணுக்களைச் செருகினால் என்ன நடக்கிறது என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர்களில் முன்னணியில் நின்றவர் மில்ட்ரெட் ட்ரெஸல்ஹாஸ். மின்கலத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை; அது புழங்கும் பொருளின் இயல்பை நமக்குச் சொல்லித் தந்தவர். 1930இல் நியூயார்க்கில் பிறந்து, வறுமையில் வளர்ந்தார். ஹன்டர் கல்லூரியில் அவருக்குப் பாடம் எடுத்த ரோஸலின் யாலோ, பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், இயற்பியல் பக்கம் திருப்பிவிட்டார். சிகாகோவில் ஆய்வு நெறியாளராக அமைந்தவரோ, பெண்ணுக்கு அறிவியலில் இடமில்லை என்று நம்பியவர்.

கரியை ஏன் எடுத்தார்? அன்றைக்கு அதில் கூட்டம் இல்லை. எல்லாரும் சிலிக்கான் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான்கு குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்த அவருக்கு, ஒரு வாரம் பிந்தினால் இன்னொருவர் முந்திவிடும் துறை ஒத்துவராது. காலையில் குழந்தைகளைக் கிளப்பிவிட்டு ஆய்வகத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வருவதற்கே மேலாளர்களிடம் பேச்சு வாங்கினார். அதனாலேயே 1967இல் எம்.ஐ.டி.க்கு வருகைப் பேராசிரியராகப் போனார். அடுத்த ஆண்டே நிரந்தரமானார். இதைப் படித்தபோது என் முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் தலைப்புத் தேர்ந்தெடுத்த விதம் நினைவு வந்தது. உள்ளூர் நூலகத்திலேயே மூலங்கள் கிடைக்கும் தலைப்பா என்பதுதான் என் முதல் கேள்வி. மகளுக்கு அப்போது இரண்டு வயது.

ஹைட்ரஜன் பக்கம் வருகிறேன். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கலாம் என்று வில்லியம் குரோவ் 1839லேயே காட்டிவிட்டார். புகைக்குழாயில் வருவது நீர் மட்டும். 1966இல் ஜெனரல் மோட்டார்ஸ் இதை ஒரு வேனில் பூட்டிப் பார்த்தது. உருளைகளும் குழாய்களும் வண்டியை அடைத்துக்கொண்டு மனிதருக்கு இரண்டு இருக்கைதான் மிச்சம். எல்லாவற்றிலும் லேசான வாயுவை அடைத்துவைப்பது அவ்வளவு கஷ்டம். 2014இல் டொயோட்டா விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் காரில் காற்றழுத்தத்தைப் போல 700 மடங்கு அழுத்தத்தில் அதை அடைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை ஓட்டிச் சோதித்தார்கள்.

2003 ஜனவரியில் அமெரிக்க அதிபர் புஷ் ஹைட்ரஜன் காருக்கு 120 கோடி டாலர் அறிவித்தார். அன்று பிறக்கும் குழந்தை முதன்முதலில் ஓட்டும் கார் ஹைட்ரஜனில் ஓடலாம் என்ற பொருளில் பேசினார். அந்த ஆண்டு மே மாதம் எரிசக்தித் துறை கூட்டிய அறிவியலாளர் பட்டறைக்குத் தலைமை வகித்தவர் ட்ரெஸல்ஹாஸ். அறிக்கை ஹைட்ரஜனை நிராகரிக்கவில்லை. ஆனால் எப்படித் தயாரிப்பது, எங்கே சேர்ப்பது, என்ன விலைக்குப் பயன்படுத்துவது என்ற மூன்றிலும் கையிலிருக்கும் அறிவுக்கும் தேவைக்கும் நடுவே மிகப்பெரிய இடைவெளி இருக்கிறது, அடிப்படை ஆராய்ச்சி இல்லாமல் அதைத் தாண்ட முடியாது என்று சொன்னது. மேடையில் வந்த வாக்குறுதிக்குக் கீழே கணக்கு எழுதிவைத்த வேலை. 2003இல் பிறந்த குழந்தைகள் இன்று என் வகுப்பிலும் இருக்கிறார்கள். உலகின் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இன்னும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்துக் கிலோ கரியமிலவாயு வெளியேறும். வண்டியின் பின்னால் வருவது நீர். புகை, ஹாமில்டன் காட்டியது போல, வேறு எங்கோ.

இதையெல்லாம் வகுப்பில் சொன்ன பிறகு, பேச்சு கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பியது. போச்சம்பள்ளியில் முழுக்கப் பெண்களையே வைத்து மின்சார ஸ்கூட்டர் செய்யப்போவதாக ஓலா 2021இல் அறிவித்தது பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருத்தியின் சித்தி மகள் அந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்தவள். வேலை என்ன, சம்பளம் என்ன, ஹாஸ்டல் எப்படி என்று எல்லாம் சொன்னாள். பேட்டரி பக்கம் என்ன வேலை, அங்கே காற்று எப்படி என்று கேட்டேன். அதை யாரும் கேட்டதில்லை மேடம், கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் ஆடித் தள்ளுபடிக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவள் வண்டியில் என்ன பேட்டரி என்று பார்க்க சீட்டைத் தூக்கினோம். கறுப்புப் பெட்டிகள் நான்கு. ஈய–அமிலம். விலை குறைந்த வண்டி ஆயிற்றே. ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், பழையதைக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார் என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். எடுத்து எங்கே உருக்குவார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

"மேடம், அந்த க்ளாரா அம்மா வண்டி எவ்வளவு தூரம் போகும்னு சொன்னீங்க?"

"80 மைல். 130 கிலோமீட்டர்கிட்ட வரும்."

"வேகம்?"

"மணிக்கு 40 கிலோமீட்டர்."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "என்னோடது 25. சார்ஜ் போட்டா 60 கிலோமீட்டர்தான் மேடம்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "போன ஞாயித்துக்கிழமை அத்தை வீட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். அணை வரைக்கும். திரும்பி வர்றப்ப வழியில நின்னுடுச்சு. டீக்கடையில ரெண்டு மணி நேரம் சார்ஜ் போட விட்டாங்க. இருபது ரூபா வாங்கினாங்க."

வீட்டில் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அத்தை வீட்ல சாப்பிட்டுட்டு வந்தேன்னு சொன்னேன்."